பி7100 டீசல் பம்புக்கான திருகி அமைக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு: ஒரு மதிப்புரை

கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு எஞ்சினில் இருக்கும் பாஷ் பி7100 டீசல் பம்புக்கு, பம்பில் மிஞ்சும் டீசலைத் திரும்ப வெளியே விடும் பழைய ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய, திருகி அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பொருள் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேலையை அது செய்யவில்லை. எஞ்சினின் இழுவையைக் கூட்டும் என்று அட்டை சொல்கிறது. வால்வோ பம்புக்குள் வந்து சேரும் டீசலின் அழுத்தம் குறைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு வாங்குபவருக்கு இது நல்ல கருவி. புரியாமல் வாங்குபவர், நோய் டேங்கிலிருந்து டீசல் கொண்டுவரும் ஃபீட் பம்பில் இருக்க மருந்தை வால்வுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இத்தகைய வால்வுகளைப் பல தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். உள்ளே குண்டு, ஸ்பிரிங், திருகு என்ற மூன்று உறுப்புகள்தாம் என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். எஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் டாட்ஜ் ராம் வண்டியில் 1989-இல் வந்தபோது சுழல் வகை வி.இ. பம்புடன் வந்தது, 1994 முதல் 1998 வரையிலான வண்டிகளில்தான் பி7100 என்ற இன்லைன் பம்ப் இடம்பெற்றது. நான் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி மட்டுமே. சுழல் பம்பில் இந்த வால்வுக்கு வேலையில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் வால்வின் தரத்தை அதை வைத்துத்தான் எடைபோட முடியும். எஞ்சினின் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக டீசல் பம்பின் கேலரிக்குத் தள்ளுகிறது. கேலரி என்பது ஆறு பிளஞ்சர்களை (டீசலை நசுக்கித் தள்ளும் உலக்கை போன்ற தண்டுகளை)ச் சுற்றியும் டீசல் நிறைந்து நிற்கும் பொதுவான அறை. பிளஞ்சர் கீழே இறங்கும்போது அது ஏறி இறங்கும் பேரல் என்ற உருளையின் துவாரம் திறக்கிறது, டீசல் உள்ளே நிரம்புகிறது. பிளஞ்சர் மேலே ஏறும்போது துவாரம் மூடிக்கொள்கிறது, உள்ளே அகப்பட்ட டீசல் நசுக்கப்பட்டுக் குழாய் வழியாக, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகிறது. பிளஞ்சரில் வெட்டியிருக்கும் சாய்வுப் பள்ளம் துவாரத்தை எட்டியதும் மிச்ச டீசல் பெரும் வேகத்தோடு கேலரிக்கே திரும்பிக் கொட்டுகிறது. எஞ்சினுக்குத் தேவைப்படாத டீசலையும், அதில் கலந்திருக்கும் காற்றையும், பம்பில் சேரும் சூட்டையும் வெளியே எடுத்துக்கொண்டு போவது ரிட்டர்ன் குழாய். அந்தக் குழாயின் வாசலில் நிற்பதுதான் ஓவர்ஃப்ளோ வால்வு. கேலரியின் அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டினால் குண்டு விலகி வழிவிடுகிறது. தாண்டாதவரை மூடியே இருக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடும்போது பம்ப் அதில் பாதியாக 1250 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 48 மில்லி விநாடிதான் ஆகிறது. அதிலும் துவாரம் திறந்திருக்கும் பகுதி மட்டுமே பேரல் நிரம்புவதற்குக் கிடைக்கும் நேரம். அந்தக் குறுகிய நேரத்தில் டீசலை உள்ளே தள்ளுவதற்குக் கேலரியில் அழுத்தம் வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் பேரல் முழுதாக நிரம்பாது. எல்லா பிளஞ்சருக்கும் ஒரே அளவில் குறைவதும் இல்லை. இன்னொரு பிளஞ்சர் டீசலைத் திருப்பிக் கொட்டும் அதே கணத்தில் நிரம்ப முயலும் பேரல் ஒரு மாதிரியும், அமைதியான கணத்தில் நிரம்பும் பேரல் வேறு மாதிரியும் டீசலைப் பெறும். ஐடிலிங்கில் எஞ்சின் சீராக ஓடி, மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கி, லேசான மிஸ்ஸிங்கோடு தடுமாறினால், சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

இதிலிருந்தே அட்டையின் வாக்குறுதி எங்கே தவறுகிறது என்பது தெரியும். பேரல் ஒருமுறை முழுதாக நிரம்பிவிட்டால், கேலரியின் அழுத்தத்தை இன்னும் கூட்டுவதால் அதற்குள் அதிக டீசல் போய்விடாது. பிளஞ்சரின் ஒரு வீச்சுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ரேக்கும் (பிளஞ்சர்களைத் திருப்பி டீசல் அளவை மாற்றும் தண்டு), கவர்னரும் (சுற்று வேகத்துக்கேற்ப அந்தத் தண்டை நகர்த்தும் பகுதி), பிளஞ்சரின் பள்ளமும். இன்ஜெக்டரின் ஊசி எந்த அழுத்தத்தில் எழும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங். அது சுமார் 250 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டலத்தின் அழுத்தம்) அளவில் திறக்கிறது. கேலரியில் நாம் பேசிக்கொண்டிருப்பதோ ஒன்றரை, இரண்டு பார். ஆகவே ஏற்கெனவே நல்ல அழுத்தத்தோடு ஓடும் எஞ்சினில் இந்த வால்வை மாட்டினால் எந்த மாற்றமும் தெரியாது, தெரியவும் கூடாது. அழுத்தம் விழுந்துபோன எஞ்சினில் மாட்டினால் இழந்த இழுவை திரும்பி வரும், அதைக் கூடுதல் இழுவை என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. விற்பவர்களும் அந்த எண்ணத்தைக் கலைப்பதில்லை.

பழைய வால்வு ஏன் கெடுகிறது என்பதும் எளிய கதைதான். பிளஞ்சர் ஒவ்வொரு முறை மிச்ச டீசலைக் கொட்டும்போதும் கேலரியில் ஓர் அழுத்த அலை எழுகிறது. கேஜின் முள் காட்டும் சராசரியைவிட அந்த அலையின் உச்சி மிகவும் உயரமானது. அந்த அலை ஓயாமல் குண்டை இருக்கையிலிருந்து (குண்டு உட்கார்ந்து வழியை மூடும் விளிம்பு) தூக்கித் தூக்கி அடிக்கிறது. ஆண்டுகள் போகப் போக இருக்கையில் குழி விழுகிறது, ஸ்பிரிங் தளர்ந்து குட்டையாகிறது. பெரும்பாலான மெக்கானிக்குகள் செய்யும் கைவைத்தியம், வால்வைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டு மாட்டுவது. உடனே பலன் தெரியும் என்பது உண்மை. ஆனால் அப்படி நீட்டப்பட்ட ஸ்பிரிங் மறுபடியும் படிந்து உட்கார்ந்துவிடும். குழி விழுந்த இருக்கையோ அப்படியே இருக்கும். நீட்டுவதற்குப் பதில் ஸ்பிரிங்கின் அடியில் மெல்லிய வாஷர் வைப்பது சற்று மேலான வழி. அதிலும் அளவு சரியா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வால்வைக் கழற்ற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவை மாற்ற முடிவதுதான் திருகி அமைக்கும் வால்வின் உண்மையான சிறப்பு. வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன், ஆனால் அந்த ஒன்று சிறிய விஷயமல்ல.

எனக்கு வந்த வால்வின் உடல் எஃகில் கடைந்தது, மேலே நாகப்பூச்சு. மரை சுத்தமாக இருந்தது. கையாலேயே கடைசிவரை ஏறியது. தலைப்பகுதியில் ஆலன் கீ போடும் திருகும், அதைப் பூட்டும் லாக் நட்டும் உள்ளன. திருகின் கழுத்தில் ஒரு ஓ-ரிங் டீசல் கசியாமல் தடுக்கிறது. இந்த ஓ-ரிங் எந்த ரப்பரால் ஆனது என்று வாங்கும்முன் கேட்டுவிடுங்கள். பயோடீசல் கலந்த எரிபொருள் போடும் வண்டி என்றால் சாதாரண நைட்ரைல் ரப்பர் ஊதிப் பதம் கெடும். விட்டான் வகை நீண்ட நாள் தாங்கும். வால்வை விற்றவரின் விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மாட்டும் வேலை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுப்புறத்தைப் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டு, பழைய வால்வைக் கழற்றி, பேஞ்சோவின் (வால்வு நுழையும் வளையம் போன்ற குழாய் முனை) இரு பக்கமும் புதிய காப்பர் வாஷர் வைத்துப் புதியதைப் பூட்ட வேண்டும். பழைய வாஷரைத் திருப்பிப் போடக்கூடாது. ஒருமுறை நசுங்கிய செம்பு இரண்டாம் முறை ஒழுங்காக அடைக்காது. புதிய வால்வின் தலை பழையதைவிட உயரமாக இருப்பதால் பக்கத்துக் குழாய்களில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபீட் பம்பின் கைப்பொத்தானை அழுத்தி ஏர் எடுத்துவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும்.

வால்வைவிட முக்கியமான பொருள் ஒன்று அட்டைப்பெட்டியில் இல்லை: கேஜ். அழுத்தம் பார்க்கும் கேஜ் இல்லாமல் இந்தத் திருகைத் தொடுவதில் பொருளே இல்லை. விலை பேசும்போது கேஜையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வால்வை விட்டுவிட்டுக் கேஜை வாங்குங்கள். அளவெடுக்க வேண்டிய இடம் ஃபில்டருக்குப் பின், டீசல் பம்புக்கு முன். அங்கே துளையிட்டு மரை போட்ட பேஞ்சோ போல்ட் கிடைக்கிறது. ஃபில்டருக்கு முன்னாலும் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடு ஃபில்டரின் நிலையைச் சொல்லிவிடும், 5 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் இறங்கினால் ஃபில்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கேஜின் முகப்பு 0 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாக இருந்தால் நமக்கு வேண்டிய அளவுகள் நடுப்பகுதியில் விழும், படிக்க வசதி. இந்த ஃபீட் பம்ப் பிஸ்டன் வகை என்பதால் டீசல் துடித்துத் துடித்து வருகிறது. நேரடியாக மாட்டிய கேஜின் முள் நடுங்கியே செத்துப்போகும். கேஜுக்கு முன்னால் ஒரு சிறு ஊசி வால்வை வைத்து ஏறக்குறைய மூடிவிட்டால் முள் அடங்கும். கிளிசரின் நிரப்பிய கேஜ் இன்னும் நல்லது. கேபினுக்குள் நிரந்தரமாகக் கேஜ் வைக்க நினைப்பவர்கள் மின்சார சென்சார் உள்ள வகையை வாங்க வேண்டும். அழுத்தத்தோடு டீசல் நிற்கும் குழாயை ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே கொண்டுவருவது தீயை மடியில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

இனி அளவுகள். நல்ல நிலையில் இருக்கும் இந்த எஞ்சினில் ஐடிலிங்கில் சுமார் 17 முதல் 22 பி.எஸ்.ஐ., 2500 சுற்றில் சுமார் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பார் அளவில் சொன்னால் ஒன்றேகாலில் தொடங்கி இரண்டு வரை. நான் வால்வை மாற்றிய வண்டியில் ஐடிலிங்கிலேயே 12-ஐத் தாண்டவில்லை, சுற்றைக் கூட்டினால் முள் ஏறுவதற்குப் பதில் தயங்கியது. புதிய வால்வை மாட்டி, திருகை ஏற்றி, ஐடிலிங்கில் 20-க்கும் 2500 சுற்றில் 30-க்கும் கொண்டுவந்தேன். இதோடு வேலை முடிந்தது என்று விளக்கத்தாள் சொல்கிறது. உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது.

ஏனென்றால் பட்டறையில் நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கும் அளவு எஞ்சினின் பசியைக் காட்டுவதில்லை. லோடு இல்லாமல் 2500 சுற்று ஓடும் எஞ்சின் குடிக்கும் டீசல் மிகக் கொஞ்சம். கவர்னர் ரேக்கைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். அதே எஞ்சின் முழு லோடில் 160 குதிரைத்திறனைக் கொடுக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் டீசலை எரிக்கிறது. ஃபீட் பம்ப் இந்த 30 லிட்டரையும் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வால்வு வழியாகத் திரும்பிப் போக வேண்டிய மிச்சத்தையும் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஃபீட் பம்ப் அனுப்பும் டீசலில் பெரும்பங்கு ரிட்டர்னில் டேங்குக்கே திரும்புகிறது. அந்த மிச்சம் இருக்கும்வரைதான் வால்வுக்கு வேலை. அதுவரை அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது வால்வுதான். மிச்சமே இல்லாமல் போகும் கணத்தில் வால்வு மூடிக்கொள்கிறது, அதற்கப்பால் திருகை எவ்வளவு ஏற்றினாலும் கேலரியின் அழுத்தம் ஃபீட் பம்பின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே வண்டியில் பாரம் ஏற்றி, நீண்ட மேடு ஒன்றில், ஒருவர் ஓட்ட மற்றொருவர் கேஜைப் பார்க்க, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து எஞ்சினைச் சற்று நேரம் அப்படியே உழைக்க விட வேண்டும். ஒரு நொடி மிதித்துவிட்டு எடுப்பது போதாது; ஃபில்டர் கிண்ணத்திலும் குழாயிலும் இருக்கும் டீசல் தீர்ந்து, உண்மையான வரத்தும் செலவும் மட்டும் மிஞ்சிய பிறகே முள் தன் உண்மையான இடத்துக்கு வரும். டீசலும் எஞ்சினும் சூடாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் சூடான டீசல் இளகி, தேய்ந்த ஃபீட் பம்பின் இடுக்குகளிலும் வால்வின் இருக்கையிலும் எளிதாக நழுவிவிடுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அமைத்த அளவு மதியத்தில் நிலைக்காது.

முழு லோடிலும் முள் சில பி.எஸ்.ஐ. மட்டும் இறங்கி நின்றுகொண்டால் அமைப்பு சரி. ஐடிலிங்கில் 20 காட்டி, மேட்டில் 10-க்குக் கீழே சரிந்தால், குற்றம் வால்வில் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய் உட்புறம் உரிந்து மடங்கியிருக்கலாம், அல்லது எங்கோ வெடித்துக் காற்றை இழுக்கலாம், ஃபீட் பம்பின் உள்வால்வுகளே தேய்ந்திருக்கலாம். இந்த நிலையில் பலர் செய்வது திருகை இன்னும் ஏற்றுவது. ஏற்றினால் ஐடிலிங்கில் முள் அழகாக 30-ல் நிற்கும், மனம் நிறையும், மேட்டில் வண்டி முன்போலவே திணறும். நோயுற்ற ஃபீட் பம்பை நலமானதுபோலக் காட்டிவிடும் ஆற்றல் இந்த வால்வுக்கு இருப்பதுதான் இதன் பெரிய ஆபத்து என்று கருதுகிறேன். பழைய வால்வு அந்தப் பொய்யைச் சொன்னதில்லை.

வால்வா, ஃபீட் பம்பா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு, புதிய வால்வுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, ரிட்டர்ன் பாதையில் உள்ள ரப்பர் குழாயை, பற்கள் இல்லாத வழவழப்பான இடுக்கியால் ஓரிரு நொடி மெதுவாக நெருக்கிக் கேஜைப் பாருங்கள். முள் சட்டென்று மேலே பாய்ந்தால் ஃபீட் பம்பில் தெம்பு இருக்கிறது, டீசலை விரயமாக வழியவிடுவது வால்வுதான். புதிய வால்வு பலன் தரும். நெருக்கியும் முள் அசையவில்லை என்றால் திருப்பி அனுப்பவே டீசல் இல்லை என்று பொருள். வால்வை விட்டுவிட்டு ஃபில்டர், குழாய், ஃபீட் பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். ரிட்டர்னில் சிறிது தூரம் கண்ணாடிபோன்ற தெளிவான குழாயை மாட்டிப் பார்த்தால் காற்றுக் குமிழி வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். குமிழி வரும் எஞ்சினில் எந்த வால்வும் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தாது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தபின்தான் ஸ்டார்ட் ஆகிறது என்ற புகாரும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒன்று காற்று நுழைகிறது, அல்லது வால்வின் இருக்கை மூடாமல் டீசல் பின்வாங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம் என்றால் புதிய வால்வு அதையும் தீர்த்துவைக்கும். என் வண்டியில் தீர்த்தது.

எவ்வளவு உயரம்வரை ஏற்றலாம் என்ற கேள்விக்கு என் விடை: தேவைக்கு மேல் வேண்டாம். எஞ்சினின் திறனைக் கூட்டி, பெரிய இன்ஜெக்டர் போட்டு, ஃபீட் பம்பையும் மின்சார வகைக்கு மாற்றியவர்கள் 40 பி.எஸ்.ஐ. அளவிலும் அதற்கு மேலும் ஓட்டுகிறார்கள். ஒரு சுற்றில் செலவாகும் டீசல் கூடியிருப்பதால் அவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 30-ஐத் தாண்டுவதால் லாபமில்லை, நட்டம் உண்டு. பி7100 பம்பின் அடிப்பகுதி எஞ்சின் ஆயிலால் உயவூட்டப்படுகிறது. மேலே டீசல், கீழே ஆயில், நடுவில் பேரலின் ஓ-ரிங்குகள். வயதான ஓ-ரிங்குகளின்மேல் அழுத்தத்தைக் கூட்டினால் டீசல் ஆயிலுக்குள் இறங்கத் தொடங்கும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, ஆயிலை விரலில் தொட்டு முகரும்போது டீசல் வாடை அடித்தாலோ, உடனே எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும். இளகிப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். திருகை அளவுக்கு மீறி ஏற்றினால் இன்னொரு விபரீதமும் உண்டு. ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். குண்டு விலக இடமிருக்காது. ரிட்டர்ன் நின்றுபோய், சூடும் காற்றும் வெளியேற வழியின்றிப் பம்புக்குள்ளேயே சுற்றும். இதைத் தவிர்க்க, மாட்டுவதற்கு முன்பே திருகை முழுதாக ஏற்றி, எத்தனை சுற்றில் ஸ்பிரிங் கட்டையாகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்த எல்லையிலிருந்து தள்ளியே வேலை செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கை விளக்கத்தாளில் இல்லாதது பொறுக்க முடியாத குறை.

வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த வால்வைக் கண்டு மயங்க வேண்டாம். வி.இ. போன்ற சுழல் பம்பில் உட்புற அழுத்தமே டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, முன்னும் பின்னும் நகர்த்துகிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைக் கூட்டினால் டைமிங் குழம்பும், ஷாஃப்ட் சீலும் பறிபோகலாம். 1998 பிற்பகுதி முதல் 2002 வரை இதே 5.9 லிட்டர் எஞ்சினில் வந்த வி.பி.44 பம்பில் ஓவர்ஃப்ளோ சுமார் 14 பி.எஸ்.ஐ.யில் திறக்கிறது, அங்கே கவலை அழுத்தம் 10-க்குக் கீழே போகாமல் காப்பதுதான், ஏனென்றால் அந்த டீசல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலே 50 முதல் 70 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும், அதன் ரெகுலேட்டர் ஃபில்டர் கிண்ணத்தோடு சேர்ந்திருக்கிறது; அதற்குப் பின்வந்த 6.0 லிட்டரில் அழுத்தம் 45-க்குக் கீழே விழுந்தால் இன்ஜெக்டர்கள் கெடும் என்பதால் பலத்த ஸ்பிரிங் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களின் கதை முற்றிலும் வேறு. 5.9 லிட்டர் எஞ்சினே 2003-இல் காமன் ரெயிலுக்கு மாறியபோது ரெயிலின் அழுத்தம் 1600 பார் வரை போனது. அதைக் கணினி கட்டுப்படுத்துகிறது. ஸ்பேனருக்கு அங்கே இடமில்லை. அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும், காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய ஆபத்து அது. நம் பழைய எஞ்சினிலும் இன்ஜெக்டர் குழாய்களில் கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பொருளின் மீது எனக்குள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காப்பர் வாஷர்கள் உடன் வரவில்லை. இவ்வளவு கவனமாகக் கடைந்த பொருளோடு இரண்டு வாஷர் வைக்க மனம் வராதது விந்தை. லாக் நட் மெல்லியது, அதை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சற்றே நகர்ந்து அளவு கூடிவிடுகிறது. ஆலன் கீயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் ஸ்பேனரைத் திருப்ப வேண்டியிருக்கிறது, இறுக்கியபின் கேஜை மறுபடி பார்க்கவும் வேண்டும். முதல் சில நாள்களில் திருகின் கழுத்தில் ஈரம் கசிந்தது, பிறகு ஓ-ரிங் படிந்து நின்றுவிட்டது. வால்வு தொழிற்சாலையிலிருந்து எந்த அழுத்தத்தில் அமைக்கப்பட்டு வருகிறது, திருகை ஒரு சுற்று ஏற்றினால் தோராயமாக எவ்வளவு கூடும் என்ற இரண்டு விவரங்கள் இருந்தாலே பாதி உழைப்பு மிச்சமாகும். விளக்கத்தாளில் இருப்பதோ, விரும்பிய அளவு வரும்வரை திருகவும் என்ற ஒரே வாக்கியம். விரும்ப வேண்டிய அளவு எது என்று தெரியாதவர்தானே அந்தத் தாளைப் படிக்கிறார்.

யார் வாங்கலாம்? எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமல், தொழிற்சாலை நிலையில் ஓட்டுபவருக்கு, திருகு இல்லாத புதிய ஓவர்ஃப்ளோ வால்வே போதும். மாட்டியவுடன் அது சரியான அளவில் நிற்கும், யாரும் கை வைத்துக் கெடுக்கவும் முடியாது. பல ஓட்டுநர்களும் பல மெக்கானிக்குகளும் கை மாறும் வண்டிக்கு அதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு திருகு இருந்தால் அதை யாராவது திருகத்தான் செய்வார்கள். எஞ்சினின் திறனைக் கூட்டியவர்கள், மின்சார ஃபீட் பம்புக்கு மாறியவர்கள், பம்ப் வேலையே தொழிலாகச் செய்து வெவ்வேறு வண்டிகளில் சோதித்துப் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வால்வு கொடுத்த பணத்துக்கு மதிப்புள்ளது. ஸ்பிரிங்கை நீட்டி நீட்டிக் காலம் ஓட்டியவர்களுக்கும் கூட, கேஜோடு சேர்த்து வாங்கும் பட்சத்தில்.

வாங்கி அமைத்தபின், லாக் நட்டுக்கும் திருகுக்கும் குறுக்கே பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். புதிய ஃபில்டரோடு, சூடான எஞ்சினில், ஐடிலிங்கிலும் 2500 சுற்றிலும் முழு லோடிலும் வந்த மூன்று அளவுகளையும் வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பின்னர் ஒவ்வொரு ஃபில்டர் மாற்றத்தின்போதும் அதே மூன்று அளவுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், முதல் இரண்டும் மாறாமல் முழு லோடு அளவு மட்டும் இறங்கிக்கொண்டே வருவது ஃபீட் பம்பையும் உறிஞ்சும் பக்கத்தையும் சோதிக்கச் சொல்லும் அறிகுறி. மூன்றும் சேர்ந்து இறங்கினால் முதலில் மேலே சொன்ன ரிட்டர்ன் நெருக்கும் சோதனையைச் செய்துவிட்டு, முள் பாய்ந்தால் மட்டும் திருகைக் கால் சுற்று ஏற்றுங்கள்.